திட்டம் இல்லை, ஞாபகம் இருந்தது: கேலக்டிகாவைப் பற்றி ரசிகர்கள் ஏன் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “2003இல் மறுபடி எடுத்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வை இப்போதுதான் முழுசாகப் பார்த்து முடித்தேன். ஒரு நண்பர் இதற்கு மேல் ஒரு அறிவியல் புனைவுத் தொடர் வரவே முடியாது என்கிறார். இன்னொருவர், கடைசி எபிசோட் நாலு சீசனையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டது என்கிறார். 1978 தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களோ இது கேலக்டிகாவே இல்லை என்கிறார்கள். எனக்கு முடிவு பிடித்ததா இல்லையா என்பதே புரியவில்லை. யார் சொல்வது சரி?”

முழுசாகப் பார்த்துவிட்டேன் என்று நீங்கள் சொல்வதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நான் இந்தத் தொடரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கட்சியில் இருந்திருக்கிறேன். அதனால் மூன்று கட்சியின் கோபமும் எனக்குத் தெரியும்.

முதலில் பழைய ரசிகர்கள். இவர்களை ‘ஏக்கத்தில் புலம்புகிறார்கள்’ என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இவர்கள் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவர்கள். க்ளென் லார்சன் உருவாக்கிய மூலத் தொடர் 1978 செப்டம்பரில் ஏபிசி சேனலில் வந்தது. சைலான் என்ற இயந்திர எதிரிகள் மனித உலகங்களை அழித்த பிறகு, மிஞ்சியவர்களோடு தப்பி ஓடும் ‘கேலக்டிகா’ என்ற போர்க்கப்பலின் கதை. ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் செலவு என்று அப்போது பேசப்பட்டது. அன்றைய தொலைக்காட்சிக்கு அது மலைக்க வைக்கும் தொகை. ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதைக் காப்பியடித்ததாக ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வழக்கே போட்டது. ஒரே சீசனில் தொடரை நிறுத்தினார்கள். பிறகு ‘கேலக்டிகா 1980’ என்று கையைக் கட்டிப்போட்ட பட்ஜெட்டில் பத்து எபிசோட் எடுத்தார்கள். அதைப் பழைய ரசிகர்களே குடும்பத்து ரகசியம் மாதிரி பேசாமல் விட்டுவிடுவார்கள்.

இந்த இடைவெளி முழுக்க ஒரு மனிதர் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பழைய தொடரில் அப்போலோ என்ற விமானியாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச். கதையைத் தொடர வேண்டும் என்று நாவல்கள் எழுதினார். சொந்தக் காசைப் போட்டு, அதே பாத்திரங்களுக்கு வயதாகிவிட்ட நிலையில் கதை தொடர்வது போல ஒரு முன்னோட்டப் படம் எடுத்து, 1999இல் ரசிகர் மாநாடுகளில் போட்டுக்காட்டினார். ஸ்டூடியோ அசையவில்லை. 2001 வாக்கில் பிரயன் சிங்கரும் டாம் டிசாண்டோவும் கதையைத் தொடரும் திட்டத்தோடு வந்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. கடைசியில் ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் வந்து, தொடர்ச்சியெல்லாம் கிடையாது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றார்கள்.

ரசிகர்களைக் குத்தியது அந்த ‘முதலிலிருந்து’தான். 2005இல் ‘டாக்டர் ஹூ’ என்ற பழைய பிரிட்டிஷ் தொடர் திரும்ப வந்தபோது பழைய ரசிகர்களுக்கு இந்த அடி விழவில்லை, கவனித்தீர்களா? அங்கே பழைய கதை நடந்த கதைதான். அதே ஆள், அதே நீலப் பெட்டி, நடுவில் சில வருஷம் போய்விட்டது, அவ்வளவுதான். கேலக்டிகாவில் பழைய கதை நடக்கவே இல்லை. நீங்கள் நேசித்த ஆட்கள் இருந்ததே இல்லை. அவர்களுடைய பெயர்களை மட்டும் வேறு யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூர் 2003இல் கேலக்டிகா ரசிகர் மாநாட்டுக்கே போய் மேடையேறி இதை விளக்கினார். கூட்டம் அவரை வறுத்தெடுத்தது. புதியதில் கப்பலின் தளபதி அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய தொடரில் ஊறியவர்கள் தயவுசெய்து இதைப் பார்க்காதீர்கள் என்று ஒளிபரப்புக்கு முன்பே சொல்லிவிட்டார். விளம்பரத்துக்கு வந்த இடத்தில் இப்படிப் பேசும் நடிகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஸ்டார்பக் விவகாரம் இதில் தனி அத்தியாயம். பழைய தொடரில் சுருட்டும் சீட்டாட்டமுமாகத் திரிந்த ஆண் விமானியை டர்க் பெனடிக்ட் செய்திருந்தார். புதியதில் அதே பெயரில் கேட்டி சாக்காஃப், ஒரு பெண். பெனடிக்ட் 2004இல் கொதித்துப்போய் ஒரு கட்டுரையே எழுதினார்: ஆண்மையை அறுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். கூச்சல் போட்டவர்களில் பெண் என்பதற்காகவே எரிச்சல்பட்டவர்கள் நிறைய பேர் இருந்தார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் இன்னொரு ரகமும் இருந்தது. அவர்களுக்கு ஸ்டார்பக் பெண்ணானது பிரச்சினை இல்லை. பழைய ஸ்டார்பக் கூட இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். புதிய ஸ்டார்பக்கைப் பார்த்தால் இந்தப் பெண் முதலில் தன்னையே அழித்துக்கொள்வாளா, பக்கத்தில் இருப்பவரையா என்றுதான் தோன்றும். உலகமே அழிந்த பிறகும் மனசு லேசாக இருக்கும் ஒரு கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது நியாயமான ஆசைதான். மூர் அதைத் தர விரும்பவில்லை.

அவர் எதைத் தர விரும்பினார் என்பதற்கு அவருடைய பழைய வேலையைப் பார்க்க வேண்டும். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் பத்து வருஷம் எழுதியவர். ‘வாயேஜர்’ தொடருக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே வெளியே வந்தார். வீட்டுக்குத் திரும்ப வழியில்லாத கப்பல் என்கிறீர்கள், ஆனால் வாராவாரம் அடிபட்ட கப்பல் அடுத்த வாரம் பளபளவென்று வருகிறது, கம்பளத்தில் ஒரு கறை கூட இல்லை என்பது அவருடைய மனத்தாங்கல். கேலக்டிகா அந்த மனத்தாங்கலுக்கு அவரே எழுதிக்கொண்ட பதில். இங்கே உடைந்தது உடைந்ததுதான். செத்தவர்கள் கணக்கில் குறைவார்கள். ஜனாதிபதி ரோஸ்லினின் விமானத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், மனித இனத்தின் மொத்த எண்ணிக்கை அதில் மார்க்கரால் எழுதியிருக்கும்.

‘33’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். மினி சீரிஸ் முடிந்து தொடர் என்று ஆரம்பிக்கும் முதல் எபிசோட் அது. 33 நிமிஷத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து நிற்கிறார்கள், கப்பல் கூட்டம் ஒரே நொடியில் விண்வெளியில் வேறிடத்துக்குத் தாவித் தப்பிக்கிறது, மறுபடி 33 நிமிஷம். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஷேவ் செய்யாத முகம், சிவந்த கண், ஒரு உத்தரவை இரண்டு முறை சொன்னால்தான் காதில் ஏறுகிறது. ‘ஒலிம்பிக் கேரியர்’ என்ற பயணிகள் கப்பல் ஒரு தாவலில் பின்தங்கிவிட்டு, பிறகு வந்து சேர்கிறது. அதன் வழியாகத்தான் எதிரி கண்டுபிடிக்கிறானோ என்று சந்தேகம். உள்ளே ஆயிரத்துக்கும் மேல் ஜனங்கள் இருக்கலாம். சுட்டு வீழ்த்தச் சொல்லி உத்தரவு. தளபதியின் மகனும் விமானியுமான லீ அடாமா சுடுகிறான். உள்ளே ஆள் இருந்தார்களா என்று நமக்குத் தெளிவாகக் காட்டவே இல்லை. கடைசியில் ரோஸ்லின் பலகையில் எண்ணைத் திருத்துகிறார்: முதல்முறையாக ஒன்று கூடுகிறது, ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. 47,973. அந்த எபிசோடுக்கு 2005இல் ஹ்யூகோ விருது கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

இதில் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். லீ சுட்ட அந்தக் கப்பலுக்குப் பின்னால் திரும்ப வருவேன்.

இப்போது இரண்டாவது கட்சி. ‘திட்டம் எங்கே?’ கட்சி. ஆரம்ப சீசன்களில் டைட்டிலுக்கு முன்னால் வரும் வரிகள் ஞாபகம் இருக்கும்: சைலான்களை மனிதன் படைத்தான், அவை கலகம் செய்தன, பரிணமித்தன, நிறைய பிரதிகள் இருக்கின்றன, அவற்றிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அந்தக் கடைசி வரிதான் வினை. ஒரு தலைமுறை ரசிகர்கள் இதைப் புதிர்த் தொடராகப் பார்க்க ஆரம்பித்தது அங்கிருந்துதான். அப்போது ‘லாஸ்ட்’ என்ற புதிர்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சி என்றால் துப்புத் துலக்குவது என்று ஆகியிருந்த காலம். மனித உருவத்தில் இருக்கும் சைலான்களின் பன்னிரண்டு மாடலில் ஏழு தெரியும், மிச்சம் ஐந்து யார்? பட்டியல் போட்டார்கள், பின்னணியில் தெரியும் ஓவியங்களை உறையவைத்துப் பார்த்தார்கள், ஒரு பாத்திரம் நாலாவது சீசனில் சொன்ன எண் முதல் சீசனில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள்.

திட்டம் இல்லை. எழுதினவர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐவர் யார் என்பது தொடர் பாதி தாண்டிய பிறகு எழுத்தாளர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தது. அடாமாவின் வலதுகையான கர்னல் டை ஒரு சைலான் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்து யாரும் எழுதவில்லை.

எல்லாத் தொடரிலும் கொஞ்சம் கொஞ்சம் இப்படித்தான் நடக்கும். கேலக்டிகாவில் மட்டும் ரசிகர்களுக்கு இது ஏன் இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், மூர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். 2005இலிருந்தே எபிசோடுக்கு எபிசோட் பாட்காஸ்ட் போட்டார். எபிசோடைப் பார்த்துக்கொண்டே பேசுவார். நடுவில் ஐஸ் கட்டி கிளாஸில் மோதும் சத்தம் கேட்கும், லைட்டர் சத்தம் கேட்கும். இந்தக் காட்சி முதலில் வேறு மாதிரி இருந்தது, இது அவசரத்தில் மாற்றியது, இது எங்களுக்கு வரவில்லை என்று போட்டு உடைப்பார். இரண்டாவது சீசனில் வந்த கள்ளச்சந்தை எபிசோடைப் பற்றி ரசிகர்கள் திட்டுவதற்கு முன்பே அவரே திட்டித் தீர்த்தார். எழுத்துப் பழகுகிறவர்களுக்கு அந்தப் பதிவுகள் ஒரு பொக்கிஷம். ஆனால் புதிர் விடுவிக்க வந்தவருக்கு, மந்திரவாதியே நடுவில் நிறுத்தி ‘முயலை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது’ என்று சொன்ன மாதிரி. அந்த நேர்மைக்கு அவர் கொடுத்த விலைதான் 2009இல் வந்த கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தம் கடைசி சீசனை இரண்டாக வெட்டியது. 2008 ஜூனில் எரிந்துபோன பூமியில் இறங்கி நிற்கிறார்கள், அடுத்த எபிசோட் 2009 ஜனவரியில். ஏழு மாதம் யூகம் வளர்க்க இடம் கொடுத்தால் எந்தப் பதிலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீங்கள் அடுத்த நாளே அடுத்த எபிசோடைப் பார்த்தவர், உங்களுக்கு இந்தக் கோபம் பாதிதான் புரியும்.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கேலக்டிகாவுக்குத் திட்டம் கிடையாது, ஞாபகம் உண்டு. அதை ஓட்டியது அந்த ஞாபகம்தான். எழுதியவர்கள் முன்னால் பார்த்து எழுதவில்லை, பின்னால் பார்த்து எழுதினார்கள். இதுவரை இவர்கள் ஒருவருக்கொருவர் என்னென்ன செய்துவிட்டார்கள், அதற்கு இன்று என்ன விலை என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு எபிசோடும் உட்கார்ந்திருக்கிறது.

சொன்ன கப்பலுக்கு வருகிறேன். மூன்றாவது சீசனின் கடைசி, 2007 மார்ச். பால்டர் மேல் வழக்கு நடக்கிறது. மனிதர்கள் குடியேறி, பிறகு சைலான்கள் பிடித்துக்கொண்ட நியூ கேப்ரிகா கிரகத்தில் சைலான்களின் கையாளாக ஆட்சி நடத்திய துரோகி. எல்லாருக்கும் அவனைக் கப்பலுக்கு வெளியே தள்ள வேண்டும். பால்டர் தரப்பு வக்கீலுக்கு உதவப்போன லீயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவன் மன்னிப்புகளைப் பட்டியல் போடுகிறான். என் அப்பா ஜனாதிபதிக்கு எதிராக ராணுவப் புரட்சி செய்தார், மன்னித்தோம். கர்னல் டை மனித வெடிகுண்டுகளை அனுப்பினார், மன்னித்தோம். நான் ஆயிரம் பேர் இருந்திருக்கக்கூடிய பயணிகள் கப்பலைச் சுட்டேன், மன்னித்தோம். நாம் இப்போது நாகரிகம் கிடையாது, தப்பி ஓடும் ஒரு கும்பல். அதனால் நம் அவமானத்தையெல்லாம் இவன் ஒருவன் தலையில் ஏற்றி வெளியே தள்ளப் பார்க்கிறோம் என்கிறான். மூன்று சீசனும் அந்தப் பேச்சில் கணக்குத் தீர்க்கின்றன. ‘33’ எழுதும்போது இந்தக் கோர்ட்டை யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் எதையும் அவர்கள் மறக்கவில்லை. கேமராவைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்: ஐந்து நீதிபதிகளில் அடாமாவும் ஒருவர். மகன் அப்பாவின் குற்றத்தைச் சொல்லும்போது அந்த முகம் அசையாது. ஓல்மோஸ் அந்த அசையாத முகத்தை வைத்துக்கொண்டே நாலு சீசன் ஓட்டினார் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

நியூ கேப்ரிகா பற்றி ஒரு வார்த்தை, அதுவும் ரசிகர்களைப் பிரித்த இடம்தான். 2006 அக்டோபரில், ஈராக்கில் அமெரிக்கப் படை இருக்கும்போது, அமெரிக்கச் சேனலில் கதாநாயகர்கள் தற்கொலைத் தாக்குதல் நடத்துகிறார்கள். ஆக்கிரமித்திருப்பவர்கள் ஒழுங்கு, சமாதானம் என்று பேசும் இயந்திரங்கள். அதுவரை இதைப் பயங்கரவாதத்துக்கு எதிரான போர்க்கதையாக ரசித்துக்கொண்டிருந்த அமெரிக்க வலதுசாரி ரசிகர்கள் சிலர் அங்கேதான் கழன்றார்கள். அவர்களுடைய குழப்பம் இயல்பானது: முதல் சீசனில் தாக்கப்பட்ட அமெரிக்காவாக இருந்தவர்கள் மூன்றாவது சீசனில் ஆக்கிரமிக்கப்பட்ட ஈராக்காக ஆகிவிட்டார்கள். எனக்கு அது தொடரின் உச்சம். 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையே மூர், ஐக், ஓல்மோஸ், ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டானல் நால்வரையும் அழைத்து மனித உரிமை, பயங்கரவாதம் பற்றிக் கூட்டம் போட்டது. எந்த விண்வெளிச் சண்டைத் தொடருக்கு இப்படி ஒரு மேடை கிடைத்தது, சொல்லுங்கள். அரசியலெல்லாம் வேண்டாம் என்பவர்கள் கூட, கேலக்டிகா வானத்திலிருந்து நெருப்புப் பந்தாக விழுந்தபடியே விமானங்களை உதறிவிட்டுத் தரையைத் தொடும் முன் தாவி மறையும் அந்த ஒரு காட்சிக்காக மூன்றாவது சீசனை மன்னிப்பார்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். நீங்கள் அதற்காகத்தானே கேட்டீர்கள்.

2009 மார்ச் 20. ‘கடவுள் செய்தார்’ என்று கை கழுவிவிட்டார்கள் என்பதுதான் மூன்றாவது கட்சியின் முழக்கம். பால்டரின் தலைக்குள் வரும் சிவப்புக் கவுன் பெண் தேவதையாம், செத்துத் திரும்பிய கேரா த்ரேஸ், அதாவது புதிய ஸ்டார்பக், பேசிக்கொண்டிருக்கும்போதே புல்வெளியில் காணாமல் போகிறாளாம், மனிதனுக்கும் சைலானுக்கும் பிறந்த குழந்தை ஹீரா ஒன்றரை லட்சம் வருஷம் கழித்து நம் எல்லாருக்கும் மூதாய் ஆகிறாளாம். அறிவியல் புனைவு என்று கூப்பிட்டுவிட்டு பிரசங்கம் செய்துவிட்டார்கள் என்கிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டு எனக்கு ஒத்துவரவில்லை. கடவுள் கடைசி எபிசோடில் வந்து குதிக்கவில்லை. முதல் சீசனிலேயே, சைலான்களின் எரிபொருள் ஆலையில் எங்கே குண்டு போட வேண்டும் என்று கேட்கிறார்கள். பால்டருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு படத்தில் ஒரு இடத்தில் விரலை வைக்கிறான். அது சரியான இடம். தலைக்குள் இருப்பவள் தான் கடவுளின் தூதர் என்று இரண்டாவது சீசனிலேயே நேராகச் சொல்கிறாள். நாம்தான் நம்பவில்லை. சிப் ஏதாவது இருக்கும், பிரமையாக இருக்கும், எழுத்தாளர் பிறகு விளக்குவார் என்று இருந்தோம். அவள் நாலு வருஷம் உண்மையைச் சொன்னாள், நாம் துப்புத் தேடினோம். ஒரு வேடிக்கை: இது புதுத் தொடரின் சரக்கு என்று திட்டும் பழைய ரசிகர்கள், 1978 தொடரிலேயே வெள்ளை வெளிச்சக் கப்பலில் தேவதை மாதிரி ஆட்கள் வந்து செத்தவனை எழுப்பியதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். லார்சன் மார்மன் நம்பிக்கை கொண்டவர். ‘கோபோல்’ என்ற கிரகத்தின் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

கேரா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். எரிந்த பூமியில் தன் சொந்தப் பிணத்தையே கண்டுபிடித்து, அதைத் தானே சிதை மூட்டி எரித்தவள் அவள். அவ்வளவு பயங்கரமான ஒரு கேள்வியை வைத்துவிட்டு, கேமராவைத் திருப்பினால் ஆள் இல்லை என்பது பதில் ஆகாது. அழகாக இருக்கிறது, ஆனாலும் ஏமாற்று வேலைதான். நியூயார்க் தெருவில் ரோபோ பொம்மைகள் ஆடும் கடைசிக் காட்சியையும் யாரும் காப்பாற்ற முடியாது. மூரே அங்கே ஓரமாக நின்று பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். வெட்டியிருக்க வேண்டிய காட்சிக்குத் தானே வந்து காவல் நிற்கிற மாதிரி.

ஆனால் முடிவு எனக்கு உண்மையில் இடறுவது வேறொரு இடத்தில். மிஞ்சியவர்கள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அவர்கள் எல்லாக் கப்பலையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, மருந்து, கருவி, தொழில்நுட்பம் எல்லாவற்றையும் கைவிட்டு, கடைசியில் கண்டுபிடித்த புதிய பூமியின் கற்கால வெளிக்குள் சிறு சிறு குழுவாகக் கலைந்து போகிறார்கள். லீ ஒரு யோசனையாகச் சொல்கிறான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா என்று பேச்சு வருகிறது. ஆச்சரியமாக ஒத்துக்கொண்டார்களாம். முடிந்தது.

யார் ஒத்துக்கொண்டது? இதே ஜனங்கள்தான் கருக்கலைப்புத் தடைக்காகச் சண்டை போட்டவர்கள். எரிபொருள் கப்பலில் பரம்பரை பரம்பரையாக நாங்களே அழுக்கில் சாக வேண்டுமா என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள். ரோஸ்லின் தேர்தல் முடிவையே திருடப் பார்த்தது இந்த ஜனங்களின் ஓட்டு எங்கே போகும் என்ற பயத்தில்தான். ஒளிபரப்புக் கணக்கில் முடிவுக்கு ஆறே வாரம் முன்னால் கேலக்டிகாவின் அதிகாரி கெய்டாவின் கலகம். சைலான் இன்ஜினைக் கப்பலில் ஏற்றுவதா வேண்டாமா என்பதற்காகக் கேலக்டிகாவின் நடைபாதையிலேயே சகாக்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் கலகத்தின் கடைசிக் காட்சி எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை: துப்பாக்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கெய்டா, வெட்டப்பட்ட காலின் முண்டத்தைத் தடவுகிறான், மாதக்கணக்கில் விடாமல் அரித்தது இப்போது நின்றுவிட்டது என்கிறான். பக்கத்தில் சாகக் காத்திருப்பவர் டாம் ஸாரெக். நடித்தவர் ரிச்சர்ட் ஹாட்ச். ஆமாம், பழைய அப்போலோ. இருபது வருஷம் தொடருக்காகப் போராடி, புதியதை முதலில் எதிர்த்து, பிறகு அதற்குள் வந்து, கிளர்ச்சிக்காரனாகச் செத்தவர். அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்ததும் அவர் ஏற்றதும் இந்த ரீபூட்டின் மிக நாகரிகமான செயல் என்பேன்.

அவ்வளவு சண்டை போட்ட ஜனங்களில், என் குழந்தைக்கு ஆண்டிபயாடிக் வேண்டும், கப்பலைத் தொடாதே என்று சொல்ல ஒரு அம்மா கூடக் கிடைக்கவில்லையா? அங்கே தொடர் தன் ஞாபகத்தை இழந்தது. எழுத்தாளர்கள் முடிவில் சிக்கித் திணறியபோது, கதையல்ல, பாத்திரங்கள்தான் முக்கியம் என்று மூர் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்ததாகச் சொல்வார்கள். பெயருள்ள பாத்திரங்களுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. அந்த ஐவரில் இருவர் டோரியும் டைரலும்; டைரலின் மனைவியைக் கொன்றது டோரிதான் என்று அவனுக்கு அந்த ஒரு நொடியில் தெரியவந்து, மொத்தச் சமாதானமும் அவன் கையில் நெரிபடுகிறதே, அது ஞாபகம் செய்யும் வேலை. பால்டர் அழுதபடி, எனக்கு விவசாயம் தெரியும் என்று சொல்கிறானே. உழவர் வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்கத் தன் ஊர்ப் பேச்சையே மாற்றிக்கொண்டவன் அவன் என்று முன் சீசனில் வந்தது நினைவிருந்தால் அந்த ஒரு வரி போதும், நெஞ்சடைத்துவிடும். பெயரில்லாத முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது ஆயிரம் பேரைத்தான் மறந்துவிட்டார்கள். ரோஸ்லின் பலகையில் ஒவ்வொருவராக எண்ணிவந்த அதே ஜனங்களை.

ஆகவே ‘யார் சொல்வது சரி’ என்றால்: பழைய ரசிகர்கள் இழந்தது நிஜமான இழப்பு, ஆனால் அதற்கும் புதிய தொடரின் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. 2019இல் சாம் எஸ்மெயில் பீகாக் தளத்துக்கு இன்னொரு கேலக்டிகா எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், 2003 தொடரின் ரசிகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘நன்றாக இருந்ததை எதற்குத் தொட வேண்டும்?’ வரிக்கு வரி அதே வசனம். 2024இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அதனால் அவர்கள் பிழைத்தார்கள். புதிர் ரசிகர்களுக்கு டைட்டில் வரி பொய் வாக்குறுதி கொடுத்தது, அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். கடவுள் கோபக்காரர்கள், சரியான எபிசோடில் தவறான காட்சியைத் திட்டுகிறார்கள்.

உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை என்றீர்கள். எனக்கென்னவோ உங்களுக்கு முடிவின் முதல் பாதி பிடித்து, இரண்டாம் பாதி நெருடியிருக்கிறது, அதை எங்கே என்று சுட்ட முடியவில்லை என்று தோன்றுகிறது. ஒரு வேலை செய்யுங்கள். மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடைத் திறந்து, சாட்சிக் கூண்டில் லீ பேசும் பேச்சை மட்டும் பாருங்கள். எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே கடைசி எபிசோடுக்குப் போய், கப்பல்களைக் கைவிடுவது என்று அதே லீ சொல்வதிலிருந்து எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று என்று முடிவது வரை பாருங்கள். ஒரு துரோகியை விடுவிக்க எவ்வளவு நேரம் எடுத்தது, ஒரு நாகரிகத்தையே கைவிட எவ்வளவு நேரம் எடுத்தது என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.